கழற்றிய கேரியர்

அன்று எங்கள் தீவின் அபர்டீன் பஜாரில் என் சைக்கிள் கடையில் இருந்தவர்கள் மூன்றே பேர்: நான், ஒரு கிளார்க், அவருடைய மனைவி. மெயின்லேண்டில் தான் பந்தயம் ஓட்டிய பழைய சைக்கிளை அந்தக் கிளார்க் கொண்டுவந்திருந்தார். ஒல்லியான உடம்பில் கெண்டைக்கால் மட்டும் கல்லாக இருந்தது. தினமும் பாம்பூஃப்ளாட்டிலிருந்து படகில் வந்து, மனைவியை ஊசி போட ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு ஆபீஸ் போக வேண்டுமாம்.

கீழே வளைந்திருந்த ஹேண்டில்பாரைத் திருப்பி உயர்த்தினேன். மெல்லிய வண்டி இருவரைத் தாங்குமா என்று பயம். மனைவி உட்காரப் பின்னால் புதிதாக ஒரு கேரியர் பொருத்தி, அதற்கு இரண்டு கம்பி கூடுதலாக வைத்து முடுக்கினேன்.

"கெட்டியாப் போடுங்கண்ணே," என்றார் அந்த அம்மா. "இவரு ஜல்தி ஜல்தின்னு மிதிச்சா, நான் விழுந்ததுகூடத் தெரியாம ஆபீஸுக்குப் போயிருவாரு."

அவர் சிரிக்கவில்லை. அதன்பின் கடையைக் கடக்கும்போதெல்லாம் அவருடைய ஒரு கை பின்னால் போய், மனைவியின் முழங்காலைத் தொட்டுவிட்டுத் திரும்பும்.

மழைக்காலம் முடிந்ததும் தனியாக வந்தார், மொட்டைத் தலையுடன்.

"கேரியரைக் கழட்டிருங்கண்ணே. சும்மா ஆடுது."

நான் முடுக்கியது ஆடாது. வழியில் குலுங்கித்தான் அந்த அம்மாவுக்கு ஏதாவது ஆயிற்றோ என்று மனசு அடித்துக்கொண்டது, கேட்கத் தைரியமில்லை. கழற்றினேன்.

"நீங்களே வச்சுக்கங்க" என்று ஏறிப் போனார். திருப்பத்தில் அந்தக் கை பின்னால் போய், வெறுமையைத் தொட்டுத் திரும்பியது.

கேரியரை இன்னொருவருக்கு விற்றேன். பணத்தைக் கொடுக்கப் போனால், கப்பல் ஏறிவிட்டார் என்றார்கள். நான் அவருக்கு இன்னும் பன்னிரண்டு ரூபாய் தர வேண்டும்.