சேம்பரில் குண்டு வைக்காத ரஹீம் பாய்

மாரண்டஹள்ளி தக்காளி மண்டி ரஹீம் பாய் போய்விட்டார் என்று அவர் தம்பி சலீம்தான் போனில் சொன்னான். இந்த வயதில் போன் அடித்தாலே, இன்றைக்கு யாரோ என்று பயந்துகொண்டுதான் எடுக்க வேண்டியிருக்கிறது. சாவுக்குப் போய்ப்போய் அலுத்துவிட்டது.

மண்டியில் அவரோடு விலை பேசிய உங்களுக்குத் தெரியாத பாய் ஒருவர் உண்டு. தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ஊரில் பிஸ்டல் வைத்திருந்தது நாங்கள் இருவர்தான். ரைட்டர் ரசீது எழுதி முடிக்கும்வரை, யாருடையது ஒசத்தி என்று பெஞ்சில் சண்டை போட்டுக்கொண்டிருப்போம்.

அவருடையது பழைய அமெரிக்க மாதிரி. தட்டையாக இருக்கும், குண்டைத் தட்டும் சுத்தியல் உள்ளே மறைந்திருப்பதால் இடுப்பில் செருகினால் துணியில் மாட்டாது. பிடியை அழுத்திப் பிடித்தால்தான் சுடும். என்னுடையது ஜெர்மன் மாதிரி, சுத்தியல் வெளியே தெரியும். குண்டேற்றி, சுத்தியலைப் படுக்கவைத்து எடுத்துப் போகலாம். விசையை இழுத்தால் போதும், முதல் இழுப்பு மட்டும் கொஞ்சம் கனம். பாய் பிடிக்குள் இருக்கும் மேகசினில் மட்டும்தான் குண்டு போடுவார், குழலின் அடியில் இருக்கும் சேம்பரில் குண்டே வைக்கமாட்டார். சுடுவதென்றால் இன்னொரு கையால் மேல்பகுதியைப் பின்னால் இழுத்துவிட வேண்டும்.

"நீங்க இழுத்து முடிக்கிறதுக்குள்ள திருடன் பஸ் ஏறி ஓசூரே போயிடுவானுங்க பாய்" என்பேன்.

"போவட்டுமுங்க. மெதுவா இருக்கறதுதான் இதுக்கு அழகு" என்பார்.

அடக்கம் முடிந்ததும் சலீம் பீரோவைத் திறந்துவிட்டு எட்டி நின்றுகொண்டான். "நீங்களே எடுங்கண்ணா. ஸ்டேஷன்ல குடுத்துடலாம். நான் தொடமாட்டேனுங்க" என்றான். ஏன் என்று கேட்டேன்.

"மண்டியப் பாகம் பிரிக்கச் சொல்லி ஒருக்கா அண்ணன் மேல கடப்பாரைய ஓங்கிட்டேனுங்க. ஒரு கையில என் மணிக்கட்டப் புடிச்சாரு, இன்னொரு கையில இத எடுத்துட்டாரு. இழுக்கணும்னா என் கைய வுடணும். வுடலீங்க. அப்படியே நின்னு அழுதுட்டாரு."

என் ஜெர்மன் அந்தக் கையில் இருந்திருந்தால் ஒரு விரல் போதும்.

போகும் வழியில் வீட்டில் இறங்கி என்னுடையதையும் எடுத்துக்கொண்டு, ஸ்டேஷனில் இரண்டையும் சேர்த்தே வைத்தேன். "தேர்தல் இல்லீங்களே, எப்ப திருப்பி வாங்குவீங்க?" என்றார் ரைட்டர். வேண்டாம் என்றேன்.

பாய் எனக்கு விட்டுப்போனது அவர் தம்பியைத்தான். திரும்பும்போது சலீமின் வண்டியில், அவன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.