செவலை தின்ற காபித் தோல்

போன வாரம் போடிமெட்டில் இருந்தேன். நண்பர் ரங்கநாதன் கூட்டிப் போயிருந்தார். மதுரைக் கல்லூரி ஒன்றில் பாக்டீரியா பாடம் நடத்துபவர். காபி எஸ்டேட்டில் பழத்தை உரித்துக் கொட்டியிருந்த தோல் குவியலுக்கு அடியில் மண்ணைச் சுரண்டி பாட்டிலில் போட்டுக்கொண்டிருந்தார். நாற்றம் தாங்காமல் நான் ஒதுங்கி நின்றேன்.

"ஐயா, அந்தத் தோலுல வெசம் ஏதும் இருக்கா?"

கேட்டவர் பேச்சியம்மா. அங்கே பழம் பறிப்பவர். பனியில் புல்லெல்லாம் கருகிவிட்டதால், தன் சினைப் பசு செவலைக்குக் கூடை கூடையாக இந்தத் தோலைத்தான் போட்டிருக்கிறார். இப்போது அது இரை எடுக்கவில்லை. மூச்சிரைக்கிறது.

"ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குதுய்யா. கண்ணு பட்டிருச்சோன்னு வத்தல் சுத்திப் போட்டேன்..."

"கண்ணு இல்லம்மா, காஃபின்" என்றார் ரங்கநாதன். "காபியில நம்மளை முழிக்க வைக்கிற சரக்கு. அது தோல்லயும் உண்டு. நிறையத் தின்னா மாட்டுக்கு ஆகாது."

பேச்சியம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "பசிக்குதேன்னுதானய்யா போட்டேன்..."

"யாருக்கும்மா இது தெரியும்? அதுக்குத்தான் இந்த மண்ணு. காஃபினையே சாப்பிட்டு வாழற பாக்டீரியா இதுல இருக்கும். அதுங்ககிட்ட என்ஸைம்னு ஒண்ணு இருக்கு — கத்தரிக்கோல் மாதிரி. காஃபினைத் துண்டு துண்டா நறுக்கிடும். அப்புறம் அது காஃபினே இல்ல. அந்த பாக்டீரியாவை வளர்த்து தோல்ல விட்டா, மாடு பயமில்லாமத் தின்னலாம்."

"அப்ப அதுல கொஞ்சம் எஞ் செவலைக்குக் குடுங்கய்யா!"

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த அம்மாளின் கண்களைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

ரங்கநாதன் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் இன்னும் அதைப் பிரிச்சு எடுக்கவே இல்லம்மா. வருஷக்கணக்கா ஆகும்..."

என்ன செய்வது? பாட்டில்களை அப்படியே வைத்துவிட்டு ஜீப்பில் ஏறினோம். வளைவு வளைவாக இறங்கிப் போடியில் மாட்டு டாக்டரைப் பிடித்தோம். ஜீப்பின் பின்பக்கம் முழுக்கச் செவலைக்கென்று வாங்கிய வைக்கோல். டாக்டர் வைக்கோல் மேல் உட்கார்ந்தபடிதான் மலையேறினார், பாவம்!

தோலை அறவே நிறுத்தச் சொல்லி, ஊசி போட்டார். "பார்க்கலாம்" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் காலை போனால், பேச்சியம்மா பசுவின் வயிற்றில் கை வைத்தபடி நிற்கிறார். செவலை வைக்கோலை மெல்ல அசைபோடுகிறது.

"கன்னு ஒதைக்குதுய்யா! வந்து தொட்டுப் பாருங்க!"

பாடம் நடத்தும் அந்தப் பெரிய மனுஷர் தொட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆராய்ச்சி வருஷக்கணக்கில் காத்திருக்கும், சரி... வயிறு காத்திருக்குமா?