பிடிக்காவிட்டால் மாற்றித் தருவீர்களா?

அண்ணன் மகள் பத்தாம் வகுப்பு பாஸ் பண்ணிவிட்டு விடுமுறைக்கு என் வீட்டுக்கு வந்திருக்கிறாள். நேற்று நான் ரசத்துக்காகப் பெருங்காய டப்பாவின் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவள் சோபாவில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு கைப்பேசியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னளா பாக்க?" என்றேன்.

"பிளஸ் ஒன்ல எந்த குரூப் எடுக்கலாம்னு டெஸ்ட் அத்தை. முடிஞ்சிட்டு. பயாலஜின்னு வந்திருக்கு."

ரசம் நுரை கட்டுவதற்குள் ஒரு பெண்ணின் எதிர்காலம் முடிவாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து மூடியும் திறந்துகொள்ள, குப்பென்று ஏறிய வாசனை என்னை நேரே தூத்துக்குடியில் அப்பாவின் பலசரக்குக் கடைக்குள் கொண்டுபோய் நிறுத்தியது. எங்கள் கடைக்கே அந்த வாசனைதான். பெருங்காயம், சாக்கு, மல்லி, அதன் மேல் கடல் காற்றின் ஈரம். என் உடுப்பிலும் அது ஏறியிருந்ததால், பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு மத்தியானம் சாம்பார் இல்லாமலேயே சாதம் இறங்கியிருக்கும்.

என் குரூப் அந்தக் கடையில்தான் முடிவானது. அதுவும் லேசில் முடியவில்லை.

அப்பா எந்தச் சரக்கையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க மாட்டார். புதிதாக ஒரு சோப்பு வந்தால் கடைக்கு வருகிறவர்களிடம் நாலு நாள் விசாரித்து, ஓடும் என்று தெரிந்த பிறகே ஒரு பெட்டி இறக்குவார். என் படிப்புக்கும் அதே வழியைக் கையாண்டார். பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் கடை என்பதால் கருத்துக்குப் பஞ்சமில்லை. சீனி நிறுத்துப் போட்டபடியே, "இந்த வருசம் எந்த குரூப் ஓடுது அண்ணாச்சி?" என்று கேட்பார். துறைமுக ஆபீஸ் கிளார்க், "கம்ப்யூட்டர்" என்றார். உப்பளக் கணக்கப்பிள்ளை, "டாக்டருக்குப் போடுங்க, பொம்பளப் பிள்ளைக்கு அதான் கௌரவம்" என்றார். மாலத்தீவுக்குப் போகும் தோணியின் தலைவரான தண்டல், பயணத்துக்கு அரிசி பருப்பு வாங்க வந்தவர், அங்கே ஹோட்டல் வேலைக்கு ஏக கிராக்கி, பிள்ளையைச் சமையல் படிக்க வையுங்கள் என்று சொல்லிவிட்டுத் தோணி ஏறிவிட்டார். வெங்காய விலை போலக் காலையில் ஒரு குரூப் ஏறும், சாயங்காலம் இறங்கும். வாரக் கடைசியில் டாக்டர் முன்னணியில் இருந்தார்.

கரப்பான்பூச்சியைக் கண்டாலே கட்டில் மேல் ஏறுகிறவள் நான். தவளையை எங்கே அறுப்பது? என் ஆசையெல்லாம் பீச் ரோட்டில் இருந்த ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீஸ் மேல்தான். அங்கே வேலை பார்த்த ஓர் அக்கா ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எந்தக் கப்பல் எந்த ஊரிலிருந்து வருகிறது என்று ஃபோனில் சொல்வதைக் கேட்டாலே எனக்குப் புல்லரிக்கும். காமர்ஸ் எடுத்து பி.காம். படித்தால் அங்கே சேரலாம் என்று அவள்தான் சொல்லியிருந்தாள். ஆனால் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்க முடியாது.

மீன்காரி லூர்தக்கா இல்லையென்றால் இந்நேரம் என்ன ஆகியிருப்பேனோ. அட்மிஷனுக்கு முந்தின நாள் தேங்காய் எண்ணெய் வாங்க வந்தவளிடமும் அப்பா தன் கேள்வியைப் போட்டார். அவள் கூடையை இறக்கி வைத்தாள்.

"ஊரெல்லாம் கேக்கியளே அண்ணாச்சி, பிள்ளைட்ட கேட்டியளா? அவதான இங்கன நிக்கா."

அப்பா திருதிருவென்று விழித்தார். அந்த யோசனை அவருக்கு வந்ததே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, வாடிக்கையாளரிடம் கேட்கும் அதே குரலில், "ஏளா, உனக்கு என்ன வேணும்?" என்றார்.

"காமர்ஸ்."

"கடையில பொறந்து வளந்துட்டு வியாபாரத்தைப் பள்ளிக்கூடத்துல போயா படிப்ப? தூத்துக்குடில இருந்துக்கிட்டு உப்புக்கு வெளியூர் போவாகளா?"

லூர்தக்கா விடவில்லை. "உங்க உப்பு எந்தக் கப்பல்ல போவுதுன்னு உங்களுக்குத் தெரியுமா? அவ அதைப் படிக்கட்டும்." கடையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அப்பாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்ட வியாபாரி பேரத்தில் பாதி இறங்கிவிட்டார் என்று அர்த்தம்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை படிவத்தில் காமர்ஸ் என்று எழுதி முடித்து நிமிர்ந்ததும் அப்பா கேட்டார்: "டீச்சர், பிள்ளைக்குப் பிடிக்கலேன்னா மாத்தித் தருவியளா?"

எனக்கு நாற்காலிக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு, "ஒரு மாசத்துக்குள்ள சொன்னா மாத்தலாம்" என்றார்.

அந்த ஒரு மாதமும் நான் சாயங்காலம் கடைக்குள் காலை வைத்ததும் ஒரே கேள்விதான்: "இன்னைக்கு எப்படி இருந்துது? மனசுக்குப் பிடிச்சிருக்கா?" வரிசையில் ஆள் நின்றாலும் சரி, தராசை அப்படியே பிடித்துக்கொண்டு நான் பதில் சொல்லும் வரை காத்திருப்பார். மாதக் கடைசி நாளன்று காலையில் கடை திறக்காமல் என்னோடு பள்ளிக்கூட வாசல் வரைக்கும் நடந்து வந்தார். "இன்னைக்கு விட்டா மாத்த முடியாது. நல்லா யோசிச்சிச் சொல்லு" என்றார். பிடித்திருக்கிறது என்றேன். அன்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் எங்கள் ஊர் முந்திரி இனிப்பான மக்ரூன் கிடைத்தது. லூர்தக்காவுக்கு மட்டும் பொட்டலம் கொஞ்சம் பெரிது.

நானும் பி.காம். முடித்து, ஆசைப்பட்ட மாதிரியே கப்பல் ஏஜென்சியில் சேர்ந்தேன். இன்றுவரை அந்த வேலைதான். அப்பா போய்ப் பல வருடங்களாகிவிட்டன. கடை கை மாறி, இப்போது அங்கே செல்போனுக்கு உறை விற்கிறார்கள். அதன் பிறகு கல்யாணம், சென்னைக்கு மாற்றல், இந்த வீடு என்று எவ்வளவோ முடிவு எடுத்துவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் யோசனை சொல்ல ஆள் இருந்தது. எடுத்த பிறகு, மனசுக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டு, பதில் வரும் வரை நிற்பதற்குத்தான் ஒருவரும் இல்லை.