திங்கட்கிழமை அணி லா ஷோ-து-ஃபோன் போன கதை

சுவிஸில், சூரிச்சுக்குப் பக்கத்து ஊஸ்டரிலிருந்து மலையூரான லா ஷோ-து-ஃபோனுக்கு ஒரே நாளில் போய்வரலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். தாராளமாக. எண்பதுகளின் கடைசியில் ஒரு ஏப்ரலில் நானும் எங்கள் அணித்தலைவன் சிவமும் அப்படித்தான் போனோம். நாங்கள் போனது ஊர் பார்க்க அல்ல, எங்களோடு பந்து விளையாட வரச்சொல்லிக் கேட்க.

அதுவரை தமிழ் உதைபந்தாட்ட அணிகள் ஊருக்கு ஊர் பேசி விளையாடி வந்தன. அந்த வருடம் ஒழுங்கமைப்பாளர்கள் எல்லாரையும் கிழக்கு, மேற்கு என்று இரண்டு பிரிவாக்கி, ஆட்டங்கள் ஞாயிறு மட்டும் என்று முடிவு செய்துவிட்டார்கள். எங்கள் அணியில் முக்கால்வாசிப் பேர் உணவகக் குசினியில் சமையல், பாத்திரம் கழுவும் வேலை. ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்டால் முதலாளி வேலையையே விடச் சொல்வார். உணவகம் பூட்டுகிற திங்கள்தான் எங்களுக்கு ஓய்வு. ஆகவே எந்தப் பிரிவிலும் சேராத தனி அணியாக நின்றோம். கோடைக்குள் ஆட்டம் ஏதும் ஒழுங்காகாவிட்டால் வேறு அணிக்குப் போகிறோம் என்று நல்ல ஆட்டக்காரர் நான்கு பேர் சொல்லிவிட்டார்கள். அவர்கள் போனால் அணியே இல்லை.

சூரிச்சிலும் பீலிலும் ரயில் மாறவேண்டும். ஏறத்தாழ மூன்று மணிநேரம். நூறு பிராங்குக்கு வருடம் முழுவதும் அரைக் கட்டணத்தில் போகவிடும் ரயில் அட்டை இருந்ததால் தப்பினோம். பீலுக்குப் பிறகு ரயில் மலையில் ஏறும். இடப்பக்கம் உட்காருங்கள் என்று சொல்ல ஆசைதான், ஆனால் நான் அன்று நித்திரை.

ஊர் ஆயிரம் மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஏப்ரலிலும் தெருவோரம் பனி. மேற்குப் பிரிவில் இருந்த அந்த ஊர் அணியின் தலைவர் தேவன் அண்ணை வீட்டுக் கதவைத் தட்டினோம். ஒருவரும் இல்லை. அப்போதுதான் உறைத்தது: திங்கட்கிழமை எங்களுக்குத்தான் லீவு, உலகத்துக்கு வேலை. ஒரு நாள் வாருங்கள் என்று அவர் சொல்லியிருந்தார். எந்த நாள் என்று கேட்கிற புத்தி எங்கள் இருவருக்கும் வரவில்லை.

மத்தியானம் அவருடைய மனைவி மலர் அக்கா அரைநாள் வேலை முடிந்து வந்தபோது, மெல்லிய சட்டையோடு படிக்கட்டில் நடுங்கிக்கொண்டிருந்தோம். யார், எவர் என்று அவர் விசாரிக்கவில்லை. "சாப்பிட்டியளோ?" என்றார். அவர் போட்ட சோற்றையும் மீன்குழம்பையும் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

தேவன் அண்ணை மணிக்கூட்டுத் தொழிற்சாலையிலிருந்து வர ஐந்தரை ஆகிவிட்டது. நாங்கள் வந்த காரியத்தைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு மறுப்பாகத் தலையை ஆட்டினார்.

"ஞாயிறில உங்களுக்கு வேலை, திங்களில எங்களுக்கு வேலை. எப்பிடித் தம்பி விளையாடுறது?"

சிவம் வாசலுக்குப் போய்ச் சப்பாத்துக் கயிற்றைக் கட்டத் தொடங்கிவிட்டான். நானும் எழுந்தேன். மலர் அக்காதான் குசினிக்குள் இருந்து, யூலையில் தொழிற்சாலைகள் எல்லாம் மூன்று வாரம் பூட்டு என்பதை ஞாபகப்படுத்தினார். பிரிவு ஆட்டங்களும் அப்போது கிடையாது.

அண்ணை சுவரில் தொங்கிய காலண்டரைத் திருப்பிப் பார்த்தார்.

"ஓம். அந்த மூண்டு கிழமையும் இத்தாலிக்காரர் தங்கட ஊருக்குப் போவினம், சுவிஸ்காரர் கடலுக்குப் போவினம். எங்களுக்குப் போக இடமில்லை. மூண்டு திங்களும் வாங்கோ."

கையெழுத்து எதுவும் இல்லை. சேர்ந்து குடித்த தேத்தண்ணீர்தான் ஒப்பந்தம்.

போகிறவர்களுக்கு: கோடையிலும் குளிராடை வேண்டும். யூலையில் கடைகள் பல பூட்டியிருக்கும், சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். யாரையாவது பார்க்கப் போனால் அவர்களுடைய லீவு நாளைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

அந்த யூலையில் மூன்று திங்களும் போனோம். மூன்றிலும் தோற்றோம். கடைசி ஆட்டம் முடிந்து ரயில் புறப்பட்டபோது, போகப்போவதாகச் சொன்ன நான்கு பேரும் எங்கள் பெட்டியில்தான் இருந்தார்கள். அடுத்த யூலைக்கு யாரை எங்கே நிறுத்துவது என்று சண்டை பிடித்துக்கொண்டு.