ஜன்னலோர மேசைப் படையல்

இதைச் சொன்னால் என் மனைவியே சிரிக்கிறாள். சிரிக்கட்டும். கறியில் உப்புக் கூடினால்கூட ஒப்புக்கொள்ளாத சமையல்காரன் நான். பேய் இருக்கிறது என்று லேசில் ஒப்புக்கொள்வேனா? ஆனால் இது நடந்தது. என் இரண்டு காதாலும் கேட்டேன்.

ஆக்லாந்தில், ஈஸ்ட் டாமாக்கிப் பகுதித் தொழிற்சாலைகளுக்கு நடுவே கதிர்காமநாதன் அண்ணையும் கௌரி அக்காவும் ஒரு சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார்கள். 1993இல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அது கல்யாண வீடு மாதிரி இருக்கும். காலையில் முட்டையும் சிப்ஸும். வெள்ளிக்கிழமை என்றால் மட்டன் ரோல்ஸ். அண்ணை வருகிறவர்கள் எல்லோரையும் பகிடி பண்ணுவார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் சமோவாக்காரன் தவீட்டா ஜன்னலோர மேசையில் இருந்து சிரித்தால் அடுப்படிவரை கேட்கும்.

அவர்களுடைய ஒரே மகன் ரஜிதன் யாழ்ப்பாணத்தில் நின்றுவிட்டான். வயது கூடிவிட்டதால் அவனுக்கு மட்டும் விசா சரிவரவில்லை. 1996இல் சண்டைக்குள் காணாமல் போனான். உடலும் இல்லை, செய்தியும் இல்லை. அதோடு கடையில் பகிடி நின்றது. மகன் செத்துவிட்டான் என்று அண்ணை முடிவுகட்டிவிட்டார். அக்கா சுவரில் இருந்த அவன் படத்துக்கு ஒரு பூ வைக்கவும் விடவில்லை.

"என்ரை பிள்ளை உயிரோடை இருக்கிறான். ஆரும் அழப்படாது."

செத்தும் பிள்ளை பசியோடு அலைகிறானே என்ற நினைப்பு அண்ணையை அரித்துக்கொண்டிருந்தது. 1997இல் ஆடி அமாவாசை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. கடை பூட்டு. அக்கா கோயிலுக்குப் போயிருந்தார். அண்ணை என்னை மட்டும் வரச்சொன்னார்.

"ஜெயரட்ணம், பிள்ளைக்குப் படைக்கவேணும். கௌரிக்குத் தெரியவேண்டாம்."

படையலுக்குச் சமைக்கிறபடி, ருசி பார்க்காமல் சமைத்தேன். ஜன்னலோர மேசையில் வாழையிலை போட்டோம். சோறு, பருப்பு, அவனுக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு. ஒரு செம்பில் தண்ணீர். அண்ணை வாய்விட்டுக் கூப்பிட்டார்.

"ராசா... அப்பா கூப்பிடுறன். வந்து சாப்பிடடா."

செத்தவர்கள் தனியாக வந்து சாப்பிடவேண்டும் என்பது முறை. இரண்டு பேரும் அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றோம். சுவர் மணிக்கூட்டில் பகல் ஒன்றரை. வெளியே மழை.

முதலில் ஒன்றுமில்லை.

பிறகு... கிரீச்...

நாற்காலி இழுபடும் சத்தம்.

எலி என்று சொல்ல வாயெடுத்தேன். எலி நாற்காலி இழுக்குமா?

களக்... களக்... தண்ணீர் ஊற்றுகிறது.

மூச்சு. கஷ்டப்பட்டு இழுக்கிற மூச்சு...

நின்றுவிட்டது.

அண்ணை கண்ணீரோடு சிரித்தார்.

"வந்திட்டான்."

முறைப்படி கைதட்டிவிட்டுத் திறந்தோம். வாசல் கதவு பூட்டியபடியே இருந்தது. நாற்காலி பின்னால் தள்ளியிருந்தது. சோற்றில் விரல் பட்ட குழி. கடை முழுக்க டெட்டோல் மணம். நான் அன்று டெட்டோலைத் தொடவேயில்லை.

எத்தனை தரம் கழுவியும் அந்த மணம் போகவில்லை. அடுத்த நாள் தவீட்டா தட்டோடு ஜன்னலோரம் போனான். நின்றான். "அங்கே ஆள் இருக்கு" என்று ஆங்கிலத்தில் முணுமுணுத்துவிட்டு, வெளியே போய் நின்றபடியே சாப்பிட்டான். மேசை வெறுமையாக இருந்தது. அதன்பிறகு அவன் வரவில்லை. ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். வந்தவர்களும் செத்தவீட்டுக்கு வந்தவர்கள் போலக் குரலைத் தாழ்த்திக் கதைத்தார்கள். அண்ணைக்கு மட்டும் ஒரு நிம்மதி. பிள்ளையின் பசி ஆறிவிட்டதாம்.

1999இல் ரங்கநாதன் என்று ஒருவர் சாப்பிட வந்தார். ஊரிலிருந்து அகதியாக வந்து, பக்கத்துத் தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்தவர். சுவரில் இருந்த படத்தைக் கண்டதும் தேத்தண்ணியைக் கீழே வைத்தார்.

"இந்தப் பெடியனை எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியிலை எனக்குப் பக்கத்துக் கட்டில்."

தலையில் காயமாம். ஒரு வருடமாகப் பேச்சே இல்லையாம். பேர், ஊர் ஒன்றும் ஒருவருக்கும் தெரியாதாம்.

அக்கா ஓடிவந்தார். "இப்ப எங்கை அவன்? சொல்லுங்கோ தம்பி!"

ரங்கநாதன் தலை குனிந்தார்.

"காயம் ஆறி நடக்கவும் தொடங்கிட்டான், அக்கா. கெதியிலை வீட்டுக்கு விடலாம் எண்டு டொக்டர் சொன்னவர். தொண்ணூற்றேழு ஆடி அமாவாசை... நான் அப்பாவுக்கு விரதம், அதாலை மறக்கேல்லை. காலமை ஏழரை இருக்கும். திடீரெண்டு எழும்பி இருந்தான். அண்டைக்குத்தான் முதல் தரம் வாய் திறந்தவன். 'அப்பா சாப்பிடக் கூப்பிடுறார்' எண்டான். அவ்வளவுதான்... அப்பிடியே சரிஞ்சிட்டான்."

அங்கே காலை ஏழரை என்றால், ஆக்லாந்தில் பகல் ஒன்றரை.

அக்கா அழுதுகொண்டே அண்ணையின் தோளைப் பிடித்தார். "பாத்தீங்களே... கடைசி நேரம் உங்களைத்தான் நினைச்சிருக்கிறான். அண்டைக்கு நீங்களும் பிள்ளையை நினைச்சுக் கூப்பிட்டனீங்களோ?"

அண்ணை என்னைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

"ஓம்" என்றார்.