பவுடர் போட வேண்டாம் என்றாள்

என் கணவரின் தங்கை அன்று காலை வீட்டுக்கு வந்தபோது, நான் குளித்துவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தேன். தஞ்சாவூருக்குப் போக வேண்டும். மார்பில் இருந்த கட்டியை ஒரு மெஷினில் வைத்து எக்ஸ்ரே மாதிரி படம் எடுக்க, பெரிய ஆஸ்பத்திரியில் அன்றைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கணவர் மஸ்கட்டில். துணைக்கு நான் வர்றேன் என்று அவளாகவே சொல்லியிருந்தாள். வழக்கம்போல் பவுடர் டப்பாவை எடுத்தேன்.

"பவுடர் போடாதீங்க மச்சி," என்றாள், செருப்பைக் கழற்றியபடியே. "அக்குள்ல, நெஞ்சுல, எங்கயும் வேண்டாம். படத்துல புள்ளி புள்ளியா விழும். மறுபடியும் எடுக்கணும்பாங்க."

டப்பாவை வைத்துவிட்டேன். அப்போது ஒன்றும் தோன்றவில்லை. அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் மச்சி என்பார்கள். அவள் வாயிலிருந்து அது வரும்போது ஒரு குழைவு இருக்கும். கூடப்பிறந்த தங்கை இல்லாத எனக்கு அவள்தான் தங்கை என்று நினைத்து இத்தனை வருஷம் இருந்துவிட்டேன்.

கட்டி கையில் தட்டுப்பட்டது பெருநாளுக்கு முதல் நாள், குளிக்கும்போது. சுண்டைக்காய் அளவு இருக்கும். வலி இல்லை. பயமெல்லாம் கட்டியைப் பற்றிக்கூட இல்லை, ஆண் டாக்டர் முன்னால் போய் நிற்க வேண்டுமே என்பதுதான். யாரிடமும் சொல்லாமல் அவளிடம் மட்டும் சொன்னேன்.

"நம்ம கேம்ப் இருக்கும்போது உங்களுக்கு என்ன கவலை?" என்றாள்.

மார்பில் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கிற கேம்ப் நடத்தும் ஒரு கம்பெனி அவளை எங்கள் கூத்தாநல்லூர்ப் பெண்களுக்கு ஒருங்கிணைப்பாளராக வைத்திருந்தது. புருஷன் விட்டுப்போன பிறகு அவளுக்குக் கிடைத்த முதல் வேலை. கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு தெருவில் நடந்தால் எங்களுக்கே பெருமையாக இருக்கும். பெண்களுக்கென்று வாட்ஸ்அப் குழு ஒன்று வைத்திருந்தாள். நோட்டீஸும் அவள் எழுதியதுதான். "ஹயாவோடு ஒரு பரிசோதனை" என்று மேலே பெரிதாகப் போட்டிருந்தாள். ஹயா என்றால் வெட்கம், அடக்கம், ஈமான் என்கிற நம்பிக்கையில் ஒரு பகுதி. அந்த ஒரு சொல்லுக்காகவே எங்கள் தெருவில் பாதிப் பேர் போனார்கள்.

கல்யாண மண்டபத்தில் மணப்பெண் அறையை அதற்காக ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். ஏசியைக் குளிரக் குளிர வைத்து, உடம்பு ஆறட்டும் என்று மறைப்புக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். பிறகு ஒரு கேமராவின் முன்னால் தனியாக நிற்க வேண்டும். படம் எடுக்கிற பெண் மறைப்புக்கு அந்தப் பக்கம். "தொட மாட்டோம், அழுத்த மாட்டோம், கதிர் கிடையாது," என்று வெளியே இவள் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. "பாக்குறது கம்ப்யூட்டர்தான். மனுஷக் கண்ணே படாது. தஞ்சாவூர் போனீங்கன்னா ஆம்பளைங்க கையில மாட்டிக்குவீங்க."

ரிப்போர்ட் போனுக்கு வந்தது. என் உடம்பு சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக, கீழே ஒரு பச்சைக் குறி. நான் திறந்து பார்ப்பதற்குள் அவள் கூப்பிட்டுவிட்டாள்.

"மாஷா அல்லாஹ், பச்சை மச்சி, ஒண்ணும் இல்ல! போய் ஷுக்ர் பண்ணுங்க."

செய்தேன். நன்றி சொல்லி, ஸஜ்தாவில் நெற்றி வைத்து அழுதேன். நெய்ச்சோறு ஆக்கி அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தேன்.

கட்டி மட்டும் போகவில்லை. குறுவை அறுத்து, சம்பா நட்டு, வயல் பச்சை பிடிக்கிற வரைக்கும் அது அங்கேயே இருந்து வளர்ந்தது. இரண்டொரு தடவை அவளிடம் சொல்லிப் பார்த்தேன்.

"லட்சம் பேர் படத்தைப் பாத்துப் படிச்ச கம்ப்யூட்டர் அது," என்று சிரித்தாள். "எட்டாப்பு படிச்ச உங்க கை அதைவிடப் பெருசா மச்சி?"

நானும் சிரித்தேன். என் கையை நான் நம்பவில்லை, அவளை நம்பினேன். கடைசியில் தோல் உள்ளே இழுத்துக்கொண்டபோதுதான் கணவரிடம் போனில் சொல்லி அழுதேன். "முதல்ல தஞ்சாவூர் போ" என்றார். பக்கத்து வீட்டம்மாவோடு போனேன். பெண் டாக்டர்தான் பார்த்தார். கையால் தொட்ட உடனே அவர் முகம் மாறியது. நான் போனிலிருந்த வண்ணப் படத்தைக் காட்டினேன்.

"இது சூட்டைப் பாக்குற படம்மா. கட்டியைப் பாக்குற படம் இல்ல. கைக்கே தெரியுற கட்டியை வச்சுக்கிட்டு இதை நம்பியா இருந்தீங்க?"

அவர்தான் அந்த மெஷின் படத்துக்கு எழுதிக் கொடுத்தார். அதற்காகத்தான் நானும் கணவரின் தங்கையும் அன்று கிளம்பினோம்.

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் போட்டிருந்தது. அங்கே போட்டால் எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது. நெல் ஏற்றின கூட்ஸ் வண்டி முன்னால் போவதும் பின்னால் வருவதுமாக இருந்தது. பஸ் டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டார். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்க மச்சி. தட்டு கொஞ்சம் ஜில்லுனு இருக்கும். அழுத்தும்போது மூச்சைப் பிடிச்சுக்கங்க. கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள முடிஞ்சுடும்."

பவுடர் டப்பா ஞாபகம் அப்போதுதான் வந்தது.

"உனக்கு எப்படிடி தெரியும்?" என்றேன்.

"கேம்ப்புல சொல்லிக் கொடுத்தாங்க."

"கேம்ப்புலதான் அழுத்தறதே கிடையாதே?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவள் பஸ்ஸைத் தட்டிக்கொண்டே போனாள்.

"நீ எடுத்துக்கிட்டியா?"

"வருஷா வருஷம் எடுத்துக்கறேன்," என்றாள் மெதுவாக. "சும்மா, ஒரு மன நிம்மதிக்கு."

"தஞ்சாவூர்லயா?"

ஆமென்று தலையை ஆட்டினாள்.

"அந்தக் கேமரா முன்னாடி ஒருநாளாச்சும் நின்னியா?"

"நின்னேன் மச்சி. நோட்டீஸுக்குப் போட்டோ எடுக்க."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன். "வேலை போயிடும் மச்சி, நான் என்ன பண்றது?" என்று அவள் அழுதாள். என் கையை அவள் பிடியிலிருந்து எடுத்துக்கொண்டேன். கேட் திறந்தது.

தஞ்சாவூரில் படம் எடுத்தது ஒரு பெண். என் மகள் வயதிருக்கும். கதவைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, தோளில் துணியைப் போர்த்தி, தேவையான இடத்தில் மட்டும் விலக்கினாள். "பவுடர் போடலையே? நல்லதும்மா," என்றாள். ஆண் என்று அந்த அறையில் ஒருவரும் இல்லை. அது வெளியே உட்கார்ந்திருந்தவளுக்கு வருஷா வருஷம் தெரிந்திருக்கிறது. மெஷின் அழுத்தியதைவிட அதுதான் எனக்கு வலித்தது.

ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் என்று உறுதியானது. "கட்டி சின்னதா இருக்கும்போதே வந்திருந்தா அதை மட்டும் எடுத்திருக்கலாம். இப்ப மார்பையே எடுக்கணும்," என்றார் டாக்டர். கணவர் லீவு போட்டு வந்துசேர்ந்தார்.

ஆபரேஷன் அன்று அவளும் வந்திருந்தாள். எங்களில், ஆபத்தான காரியத்துக்குப் போகிறவர்களிடம் செய்த குற்றத்துக்குப் பொருத்தம், அதாவது மன்னிப்பு, கேட்பது உண்டு. அல்லாஹ்விடம் போவதற்குள் மனிதர் மனிதரிடம் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக. ஸ்ட்ரெச்சரை நிறுத்தி என் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"பொருந்திக்கங்க மச்சி."

கணவர் என் முகத்தைப் பார்த்தார். நான் கலிமாவை ஓதிக்கொண்டே உள்ளே போனேன்.

பிறகு மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது. அல்ஹம்துலில்லாஹ், உயிரோடு இருக்கிறேன். போன மாதம் அந்தக் குழுவில் அவள் நோட்டீஸ் வந்தது. "சகோதரிகளே, இனி கேமராவும் வேண்டாம். கொஞ்சம் ரத்தம் கொடுத்தால் போதும், எல்லாக் கேன்சரையும் சொல்லிவிடும். உங்கள் சகோதரியாக அழைக்கிறேன்." கீழே அவள் நம்பர். மாஷா அல்லாஹ், என் பேரை எழுதிக்கங்க என்று வரிசையாக வந்துகொண்டிருந்தது.

அந்தக் குழுவில் அதுவரை நான் ஒரு வார்த்தை எழுதினதில்லை. எழுத்துக் கூட்டி எழுதினேன்: "இதை நீ எடுத்துக்கிட்டியா?"

அதற்கப்புறம் யாரும் பேர் கொடுக்கவில்லை. அவள் போன் பண்ணினாள். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கடைத்தெருப் பக்கமிருந்து ஒரு பெண் மட்டும், என்னை அக்காவாக நினைத்து, தனியாக எழுதியிருந்தாள், எனக்கும் ஒரு கட்டி இருக்கு லாத்தா, ஆம்பளை டாக்டர்னு பயமா இருக்கு என்று. தஞ்சாவூரிலும் பெண்தான் படம் எடுக்கிறாள், நான் கூட வருகிறேன் என்று பதில் போட்டேன்.

பிற்பகல் தொழுகைக்கு அஸர் பாங்கு சொன்னது. இப்போதெல்லாம் தொழுகையைத் தொடங்கக் கைகளை உயர்த்தித் தக்பீர் கட்டும்போது, ஆபரேஷன் செய்த பக்கத்து இடது கை தோள்வரை எழுவதில்லை. எழுந்தவரைக்கும் தூக்கித் தொழுதுவிட்டு, அவளைப் பொருந்திக்கொள்கிற மனதைக் கொடு ரப்பே என்று கேட்டேன். தினமும் கேட்கிறேன். அவன் இன்னும் கொடுக்கவில்லை.