ஊன்றிய விரல்

மாமாவுக்கு வலது கை நடுங்கும். இது அவருக்கும் அக்காவுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. மாமா என் அக்காவின் கணவர். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சின்ன சலூன் வைத்திருக்கிறார். இரண்டு நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி, ஓயாத வாய். கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு பேசுகிறவரிடம் யார் எதிர்ப் பேச்சு பேசுவார்கள்? எல்லா வாதத்திலும் மாமாதான் ஜெயிப்பார்.

கை நடுங்குகிறது என்று ஒருத்தருக்குத் தெரிந்தாலும் பிழைப்பில் மண். அதனால் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். சவரம் செய்யும்போது சுண்டு விரலை எதிராளியின் தாடையில் லேசாக ஊன்றிக்கொள்வார். ஊன்றியதும் மற்ற விரல்கள் அடங்கிவிடும். அந்தக் கைக்குத்தான் நானும் வருஷக்கணக்கில் கழுத்தை நீட்டியிருக்கிறேன். ஒரு கீறல் கிடையாது.

நாளாக ஆக நடுக்கம் கூடியது. உள்ளூர் டாக்டர் மாத்திரைகளை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். மூளைக்குள் மெல்லிய கம்பி வைத்து நடுக்கத்தை அடக்கும் ஆபரேஷன் வெளிநாட்டில் செய்கிறார்கள், முடிந்தால் போங்கள் என்றார். மாமா சிரித்து மழுப்பினார். அக்கா விடவில்லை. கடனை வாங்கி, பாஸ்போர்ட், விசா என்று நாயாய் அலைந்து, என்னையும் இழுத்துக்கொண்டு விமானம் ஏறினாள். எனக்கு ஆங்கிலம் தெரியும் என்பது அவள் நம்பிக்கை. ஹோட்டல் வரவேற்பறையில் குப்பை கொட்டியதில் ஒட்டிக்கொண்ட ஆங்கிலம் அது.

அந்த ஆஸ்பத்திரியில் செருப்புச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

டாக்டர் நடுத்தர வயதுப் பெண்மணி. மாமாவின் கையை நீட்டச் சொன்னார், லேசாக நடுங்கியது. பிறகு ஒரு தாளைத் தள்ளி, நத்தை ஓடு மாதிரி சுற்றிச் சுற்றிக் கோடு வரையச் சொன்னார். கை மேசையில் படக் கூடாது என்றார். நான் சொன்னேன். மாமா தலையாட்டிவிட்டு உள்ளங்கையைத் தூக்கிக்கொண்டார். ஆனால் சுண்டு விரல் நுனி மட்டும், இத்தனை வருஷப் பழக்கத்தில், தாளில் போய் ஊன்றிக்கொண்டது. கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்த டாக்டர் அதைக் கவனிக்கவில்லை. கோடு அச்சு மாதிரி வந்தது.

டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நடுக்கம் இருக்கிறது, ஆனால் தலையைத் துளைக்கும் அளவுக்கு இல்லை, வேறு மாத்திரை தருகிறேன், ஊருக்குப் போகலாம் என்றார். நான் அதைச் சொன்னதும் மாமா முகத்தில் பரீட்சையில் பாஸான களை வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்காதான் முந்திக்கொண்டாள். "டாக்டர்கிட்டயுமா மறைக்கிறது? அவங்க என்ன உங்க கஸ்டமரா?"

"நான் வேணும்னு பண்ணல. அது தானா ஊனிக்குது."

"விரல எடுங்க."

"எடுத்தா அசிங்கமா இருக்கும். விடு."

அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்து மேசையிலிருந்து தூக்கினாள். "இப்ப போடுங்க."

மாமா போட்டார். பேனா தாளைக் குத்தியது, இழுத்தது, கிழித்தது, கடைசியில் கையை விட்டுத் தெறித்து டாக்டரின் காலடியில் போய் விழுந்தது. பேனா பிடித்தால் இவ்வளவு மோசம் என்று எனக்குத் தெரியாது. மாமா அந்தக் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

டாக்டர் குனிந்து பேனாவை எடுத்துக்கொண்டார். இப்போது அவர் பேச்சே வேறு. ஆபரேஷன் செய்யலாம். கை பெரும்பாலும் அடங்கும். சாப்பிடலாம், சட்டைப் பட்டன் போடலாம். என்ன வேலை என்று என்னிடம் கேட்டார், சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, இன்னொருவர் கழுத்தில் கத்தி வைக்கும் அளவுக்கு அடங்கும் என்று நான் உறுதி தர மாட்டேன், அந்த வேலையை விட்டுவிடுவது நல்லது என்றார்.

"என்னடா சொல்றாங்க?" என்றார் மாமா.

ஆங்கிலமே தெரியாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. ஆனாலும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

மாமா சிரிக்கப் பார்த்தார். "சாப்பாட்டை உங்க அக்காவே ஊட்டிடுவாளே. அதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?"

"அதுக்குத்தான் வந்தோம்" என்றாள் அக்கா. குரல் உடைந்திருந்தது. "நாலு பேர் நடுவுல உட்கார்ந்து நீங்க சாப்பிட்டு எத்தனை வருஷமாச்சு? நம்ம பொண்ணு கல்யாணத்துலயே வயிறு சரியில்லன்னு சொல்லிட்டு வெறும் வயித்தோட நின்னீங்க. எனக்குத் தெரியாதுன்னா நினைச்சீங்க?"

மாமா தொடைக்கு அடியிலிருந்து கையை எடுத்து மேசைமேல் வைத்தார். ஆபரேஷன் எந்தத் தேதி என்று டாக்டரிடம் என்னைக் கேட்கச் சொன்னார்.